விளம்பரதாரருக்கு அஞ்சி ஒரு கடிதத்தை நிறுத்தினால், அது பத்திரிகைச் சுதந்திர மறுப்பாகுமா?

கேள்வி: செம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு மாத இதழை நெடுங்காலமாக நடத்தி வருகிறோம். அதன் ஆசிரியர் குழுவில் நானும் இருக்கிறேன். அண்மையில் எங்களுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. குடிசைப் பகுதி மறுசீரமைப்புத் திட்டத்துக்காகத் தம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, புதுக் கட்டடம் எழும்வரை வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர் எழுதியது அது. கட்டுமான நிறுவனம் ஒப்பந்தப்படி மாதந்தோறும் தர வேண்டிய வாடகைப் பணம் நின்று போனதைக் கடுஞ்சொல் ஏதுமின்றி எழுதியிருந்தார். ஒப்பந்தத்தின் உரிய பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தின் பக்கங்களையும் நகலெடுத்து இணைத்து, பணம் வராத மாதங்களுக்கு நேரே பென்சிலால் சிறு குறியிட்டிருந்தார்.

கடிதம் பக்கத்தில் ஏறி, மெய்ப்புத் திருத்தமும் முடிந்த பிறகு குழுவினர் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆடிப்பெருக்கு வாழ்த்து ஒன்றை வைத்தார்கள். எங்கள் பின் அட்டை விளம்பரம் அதே நிறுவனத்துடையது. அது நின்றால் அச்சுச் செலவுக்கு வழியில்லை. அந்த நிறுவனம் எங்களை மிரட்டவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. நாங்களாகவே அஞ்சினோம்.

ஐரோப்பாவில் பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளிக் காலச் சிந்தனையாளர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். அவர்கள் அரசனையும் திருச்சபையையும் எதிர்த்து எழுதினார்கள். எங்கள் விஷயத்தில் அரசனும் இல்லை, தணிக்கை அதிகாரியும் இல்லை. 'இதழ் நம்முடையது, எதை வெளியிடுவது என்று தீர்மானிப்பதும் நம் சுதந்திரமே' என்று எங்கள் பொருளாளர் சொல்கிறார். இது சரியா? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அந்தக் கடிதம் நிறுத்தப்பட்ட அதே வாரத்தில், அதே நிறுவனத்தைப் பற்றி ஆதாரமே இல்லாத ஒரு வதந்தி எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் சுற்றி வந்தது. சான்றுள்ள பேச்சு நிற்கிறது, சான்றற்ற பேச்சு ஓடுகிறது. உண்மையையும் பொய்யையும் திறந்த களத்தில் மோத விட்டால் உண்மையே வெல்லும் என்று ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதியதை இந்தக் காலத்தில் நாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1: மாட்டுங்கா வழக்கறிஞர்

அம்மா, முதலில் சட்டத்தின் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அளவில் உங்கள் பொருளாளர் சொல்வது சரி.

ஐரோப்பாவில் இந்த உரிமை முளைத்தது முன் அனுமதி முறைக்கு எதிராகத்தான். 1643இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் எந்த நூலும் உரிமம் பெற்றே அச்சேற வேண்டும் என்று ஆணையிட்டது. அதை எதிர்த்து மறு ஆண்டே மில்டன் எழுதினார். உரிமச் சட்டம் 1695இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அதன்பின் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்கவுரையில் ஓர் எல்லைக்கோடு போட்டார்: வெளியிடுவதற்கு முன் தடை கூடாது, வெளியிட்டபின் சட்டப்படியான பொறுப்பு உண்டு. 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனமும் தன் 11ஆம் பிரிவில் பேசவும் எழுதவும் அச்சிடவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தந்துவிட்டு, அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டம் வரையறுத்தபடி பதில் சொல்ல வேண்டும் என்கிறது.

இந்தச் சிந்தனை நம் நாட்டுச் சட்டத்துக்குள் நுழைந்த வழியில் நம் இரு ஊர்களுக்கும் பங்குண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் வரவிடாமல் தடை செய்தது. அதை நடத்திய ரோமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற பதஞ்சலி சாஸ்திரி. நல்ல கனி தரும் கிளைகளின் வீரியம் கெடும்படி வெட்டுவதைவிட, தீய கிளைகள் சிலவற்றை வளர விடுவதே மேல் என்ற, அமெரிக்க அரசமைப்பின் சிற்பிகளில் ஒருவரான மேடிசனின் வாசகத்தை அவர் அந்தத் தீர்ப்பில் எடுத்தாண்டார். அதே நாளில், டெல்லியில் 'ஆர்கனைசர்' இதழின் மீது சுமத்தப்பட்ட முன் தணிக்கையும் செல்லாது என்றாயிற்று. ஒன்று இடதுசாரி இதழ், மற்றது வலதுசாரி இதழ். நீதிமன்றம் இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. மறு ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட புதிய காரணங்களைச் சேர்த்துக் கட்டுப்பாட்டின் வாசலை அகலப்படுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இவையனைத்தும் அரசுக்கு எதிரான பாதுகாப்புகள். ஒரு தனியார் இதழ் ஒரு கடிதத்தை வெளியிட மறுத்தால், அரசமைப்பின் பேச்சுரிமைப் பிரிவான 19(1)(அ)வைக் காட்டி வழக்கில் வெல்வது மிகக் கடினம். ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். 1994இல் 'நக்கீரன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த வலுவான பாதுகாப்பு, அரசு அதிகாரிகளின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதுவோருக்கானது. கட்டுமான நிறுவனத்தைப் பற்றி எழுதினால், எழுதியது உண்மை என்றும் பொது நலன் கருதியது என்றும் காட்ட வேண்டியிருக்கும். குற்றவியல் அவதூறுப் பிரிவு செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வங்கிப் புத்தக நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பதில் 2: தாராவித் தமிழன்

வழக்கறிஞர் அண்ணாச்சி சொன்னதில் சட்டத் தவறு ஒன்றுமில்லை. ஆனாலும் கேள்வியை நீதிமன்றத்துக்குள் வைத்து மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை வராமல் காத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்கள் வாயை எந்த அரசாணையும் அடைக்கவில்லை. இருந்தும் அவர்கள் பேச்சு எங்கும் அச்சேறுவதில்லை.

இதைப் பெரியவர்கள் அறியாமல் இல்லை. அறிவொளிக் காலத்தின் வாரிசாக வந்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது, சமூகம் தானே செலுத்தும் கொடுங்கோன்மை அரசின் ஒடுக்குமுறையைவிடக் கொடியதாகலாம், அதிலிருந்து தப்பிக்கும் வழிகள் மிகக் குறைவு என்று தெளிவாகவே சொன்னார். அதே மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். பின்தங்கிய சமூகங்களுக்குத் தம் கொள்கை பொருந்தாது, அங்கே சர்வாதிகாரமே முறையான ஆட்சி என்று அதே நூலில் எழுதினார். அந்தப் பின்தங்கிய கணக்கில் நாமும் அடக்கம். எனவே இந்தச் சிந்தனைகளை வணங்கி ஏற்காமல், யாருக்காகச் சொன்னார்கள் என்று கேட்டபடியே படிக்க வேண்டும்.

நம் மண்ணிலும் அந்தக் கேள்வி எழுந்தது. திலகர் 1908இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜத் துரோக வழக்கில் ஆறாண்டுத் தண்டனை பெற்று மண்டலேவுக்கு அனுப்பப்பட்டார். நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். ஜூரிகளின் தீர்ப்பையும் மீறித் தாம் நிரபராதியே என்று அவர் சொன்ன வாசகத்தை அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே இன்று பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்காகச் சிறை சென்ற அவரை நானும் மதிக்கிறேன். ஆனால் 1920 ஜனவரி 31 அன்று பம்பாயில் டாக்டர் அம்பேத்கரின் ஆதரவில் 'மூக்நாயக்' தொடங்கப்பட்டபோது, அதற்கான அறிவிப்பைக் கட்டணம் தருவதாகச் சொல்லியும் திலகர் நிறுவிய 'கேசரி' வெளியிட மறுத்தது. அங்கேயும் அரசாணை இல்லை; உங்கள் பொருளாளர் சொல்லும் அதே சுதந்திரம்தான் இருந்தது. ஊமைகளின் தலைவன் என்ற பெயரோடு அந்த இதழ் வர வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு அந்த மறுப்பே விளக்கம்.

தமிழில் அதற்கும் முன்பே அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிவிட்டார். பிறர் தராத இடத்தைத் தாமே காலணா விலையில் உண்டாக்கிக்கொண்டார்கள். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அந்த இதழுக்குத் துணை நின்றார்கள். பின் அட்டை விளம்பரத்தை நம்பாத இதழ் நடத்த முடியுமா என்று உங்கள் குழு கேட்டால், கூலிக்காரர்களின் காசில் அது நடந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

பதில் 3: முலுண்ட் மூத்த மெய்ப்பர்

நான் அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் மெய்ப்புப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன். மெய்ப்பு முடிந்தபின் கடிதம் எடுக்கப்பட்டது என்ற ஒற்றை வரி என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அறிவொளிக் காலத்தின் மிகப் பெரிய நூலுக்கே இது நடந்திருக்கிறது.

திதரோ தொகுத்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751இல் வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே தம் எழுத்துக்காக வென்சென் கோட்டைச் சிறையில் இருந்தவர் திதரோ. 1759இல் அரசு அந்தக் களஞ்சியத்துக்குக் கொடுத்திருந்த உரிமத்தையே திரும்பப் பெற்றது. அக்காலத்தில் நூல்களை மேற்பார்வையிடும் தலைமைப் பொறுப்பில், நம் சொல்லில் தலைமைத் தணிக்கையாளராக, இருந்தவர் மல்செர்ப். முன்பொருமுறை கையெழுத்துப் படிகளைப் பறிமுதல் செய்ய ஆணை வந்தபோது, திதரோவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பி, அந்தத் தாள்களைத் தம் சொந்த வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் அவர். அரசாங்கத்தின் ஆளே நூலைக் காத்தார்.

நூலை வெட்டியவர் யார் தெரியுமா? பதிப்பாளரும் அச்சகக்காரருமான லெ பிரெத்தோன். திதரோ மெய்ப்புத் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு, இரவில் அச்சகத்திலேயே, ஆள்வோருக்குக் கசக்கும் என்று தாம் கருதிய பகுதிகளை யாரும் சொல்லாமலே சுரண்டி எடுத்துவிட்டு அச்சிட்டார். கடைசிப் பத்துத் தொகுதிகளில் இது நடந்தது. 1764இல் தம் கட்டுரை ஒன்றை எதேச்சையாகப் புரட்டியபோதுதான் திதரோ இதைக் கண்டுபிடித்தார்; ஆத்திரமும் துயரமும் பொங்க லெ பிரெத்தோனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வெட்டப்பட்ட மெய்ப்புகளில் ஒரு பகுதி 20ஆம் நூற்றாண்டில்தான் வெளியே தெரிய வந்தது.

லெ பிரெத்தோனைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பணத்தைப் போட்டிருந்தார், சந்தாதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, பின்னர் 1766இல் பஸ்தீய் சிறையையும் பார்த்தார். அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. உங்கள் குழுவின் அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் வாசகனின் பக்கம் நின்று பாருங்கள். அதிகாரி வெட்டினால் வெட்டு விழுந்தது ஊருக்குத் தெரியும். பதிப்பாளரே வெட்டினால் வாசகனுக்குத் தான் இழந்தது இன்னதென்றே தெரியாது. திதரோவை மிகவும் வதைத்தது அந்த மறைவுதான் என்று நினைக்கிறேன்.

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் இளைஞன். தணிக்கை வந்த மூன்றாம் நாள், 1975 ஜூன் 28 அன்று, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தன் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், 'முரசொலி' ஒரு பட்டியலை அச்சிட்டது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தலைப்பு, கீழே பெயர்கள். மிசாவில் கைதானவர்கள் யார் யார் என்று தமிழ்நாடு அப்படித்தான் அறிந்துகொண்டது. வெட்டு விழுந்த இடத்தை வாசகனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று இவர்கள் துடித்தார்கள். இதே பம்பாயில் மினூ மசானி தம் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' இதழின் கட்டுரைகளைத் தணிக்கையாளர் தடுத்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எல்லாப் பத்திரிகைகளையும் ஒரே காற்றுக்குப் பாய்விரிக்கச் செய்வதும் ஒரே குரலில் பாட வைப்பதும் தணிக்கையாளரின் வேலையன்று என்ற பொருளில் 1976இல் அங்கே தீர்ப்பு எழுதப்பட்டது, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோதே.

அம்மா, அடுத்த இதழில் கடிதத்தைப் போட உங்கள் குழு துணியாவிட்டாலும், ஒரு வாசகர் கடிதம் பக்கத்தில் ஏறிய பின் எடுக்கப்பட்டது என்ற ஒரு வரியையாவது ஆசிரியர் பெயரில் அச்சிடக் கேளுங்கள்.

செம்பூர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லெ பிரெத்தோன் கதையைக் குழுவில் படித்துக் காட்டினேன். பொருளாளர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மறுபரிசீலனை செய்ய இசைந்திருக்கிறார்கள். ஆனால் இப்போது இரண்டு ஐயங்கள். வதந்தி பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்து, கடிதம் எழுதியவர் தம் பெயர் வெளிவந்தால் வீடு ஒதுக்கீட்டில் சிக்கல் வருமோ என்று அஞ்சுகிறார். பெயரில்லாமல் வெளியிடுவது முறையா?

பதில் 4: டோம்பிவிலி ஆய்வு மாணவி

வதந்தியைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. மில்டனின் அந்த வரியைத் தனியே எடுத்துப் படித்தால் உண்மை தானாகவே வென்றுவிடும் என்பதுபோல் தோன்றும். அவர் கத்தோலிக்க நூல்களுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தரத் தயாராக இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் உண்மை எந்தச் சூழலில் வெல்லும் என்றும் யோசித்தார்கள். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1784இல் அறிவொளி என்றால் என்ன என்று எழுதியபோது, ஒருவர் தம் அறிவைப் படிக்கும் மக்கள் அனைவர் முன்பும் பொதுவில் பயன்படுத்துவதற்கே முழுச் சுதந்திரம் வேண்டும் என்றார். அதாவது, சொல்பவர் தம் காரணத்தை வைக்க வேண்டும், கேட்பவர் அதை மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்குச் சொன்னவரும் இல்லை, காரணமும் இல்லை, மறுப்புக்கு இடமும் இல்லை. உங்கள் வாசகர் அனுப்பிய கடிதத்தில் மூன்றும் இருந்தன. அந்தக் கடிதம் வெளிவந்திருந்தால் வதந்திக்கு அங்கே தேவையே குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வதந்தியை அரசு அடக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். 2012இல் இதே மும்பைக்கு அருகே பால்கரில், நகரம் முழு அடைப்பில் இருந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் கருத்துச் சொன்ன இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் கைதுக்குப் பின் எழுந்த வழக்கில்தான் இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியது. 2023இல் மத்திய அரசு தன் செயல்பாடுகள் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே அறிவிக்கும் ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியை ரத்து செய்தது.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி சுவீடனில் இருக்கிறது. ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்ற பாதிரியார் முன்னின்று 1766இல் கொண்டுவந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், சமய நூல்களைத் தவிர மற்றவற்றுக்கு முன் தணிக்கையை நீக்கியது. அத்தோடு நிற்காமல், அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கவும் அச்சிடவும் உரிமை தந்தது. ஆவணம் கையில் இல்லாதவனுக்கு எழுதும் உரிமை பாதிதான் பயன்படும் என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். நம்மிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கான ஒப்புதல் கடிதம், வாடகை நிலுவை பற்றி வந்த புகார்கள், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைக் குடிசைப் பகுதி மறுசீரமைப்பு ஆணையத்திடம் விண்ணப்பித்துக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையத்தின் தாளிலேயே நிலுவை பதிவாகியிருந்தால், உங்கள் இதழ் அச்சமின்றி அதை அப்படியே வெளியிடலாம்.

பதில் 5: முலுண்ட் மூத்த மெய்ப்பர்

பெயர் விஷயத்தில் என் கருத்து இது. டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசா 1670இல் சிந்தனைச் சுதந்திரத்துக்காக வாதாடிய நூலைத் தம் பெயரில்லாமல், ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டுவிட்டு ஹாம்பர்க் என்று பொய் முகவரி போட்டு வெளியிட்டார். ஆபத்து உண்மையாக இருக்கும்போது பெயரை மறைப்பதில் இழிவில்லை. மில்டனோ 1644இல் தம் பெயரைத் தலைப்புப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, அச்சிட்டவர் பெயரை விட்டுவிட்டார். ஆபத்தைத் தாம் ஏற்று, அச்சகக்காரரைக் காத்தார்.

இதற்கு நேர்மாறாக நம்மவரிடையே நடந்ததும் நினைவில் இருக்கட்டும். 1908இல் 'இந்தியா' இதழின் எழுத்துக்காக அரசு பிடித்தது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன் என்பவரை. அந்த எழுத்துகளுக்கு உயிராக இருந்த பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலிருந்து இதழைத் தொடர்ந்தார். பாரதியார் சென்றதை நான் குறை சொல்லவில்லை. அவர் சிறைப்பட்டிருந்தால் தமிழ் எவ்வளவு இழந்திருக்கும். ஆயினும் பெயர் மறைந்தால் பொறுப்பு மறையாது, இன்னொருவர் தோளுக்கு மாறும்.

ஆகவே கடிதம் எழுதியவர் பெயரை விட்டுவிடுங்கள்; 'பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் உள்ளன' என்று கீழே குறிப்பிடுங்கள். ஆவணங்களை ஆசிரியரே ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கட்டும். வெளியிடும் முன் கடிதத்தின் சாரத்தை அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அனுப்பி, பதில் தர ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் வந்தால் அதையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அவர்கள் விளம்பரத்தை நிறுத்தினால் அதையும் வாசகர்களிடம் சொல்லிச் சந்தா கேளுங்கள். என் சந்தாவை இந்த வாரமே அனுப்புகிறேன்.